அப்துல் ஹை வீட்டு டிவி கெட்டுப்போன கதை

அப்துல் ஹைக்கு யார் முகத்தையும் பார்த்து ‘முடியாது’ என்று சொல்ல வராது. பழவேற்காட்டில் அவரைத் தெரிந்த எல்லோருக்கும் இது தெரியும். அவசரமாக வெளியே கிளம்பும்போது யாராவது வந்து சைக்கிள் கேட்டால் கொடுத்துவிட்டு வெயிலில் நடந்து போவார். விருந்தில் வயிறு முட்டிய பிறகும் யாராவது ஒரு கரண்டி பிரியாணி வைத்தால் மறுக்காமல் தின்றுவிட்டு வீட்டுக்கு வந்து முனகுவார். ஊர் அவரைத் தங்கமான மனுஷன் என்றது. அவர் மனைவி கைருன் பீவி மட்டும், “தங்கமும் இல்ல, தகரமும் இல்ல. வாயில்லாத மனுஷன், அவ்ளோதான்” என்பாள்.

அவருடைய பாட்டன்மார் கப்பல் வைத்து வியாபாரம் செய்தவர்களாம். அவர் தலையெடுத்தபோது கப்பல் இல்லை, பெரிய கதவு போட்ட வீடு மட்டும் இருந்தது. பிழைப்புக்குச் சார்ஜா போனார். அங்கே ஒரு கடையில் பெட்டி தூக்கி, பிறகு டிவியையும் ரேடியோவையும் வருகிறவர்களுக்கு ஓட்டிக் காட்டும் வேலைக்கு உயர்ந்தார். எண்பத்தேழாம் வருஷக் கடைசியில் முதுகு வலியோடு ஊர் திரும்பியபோது ஒரு கலர் டிவி, ஒரு வீடியோ டெக், இரண்டு ஸ்பீக்கரோடு ஒரு ஸ்டீரியோ செட் எல்லாம் அவருடன் வந்தன. கடையில் விலை போகாமல் கிடந்த இன்னொரு சாமானையும் முதலாளி அவர் கையில் திணித்து அனுப்பியிருந்தார். அது எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ரிமோட்.

பார்க்கச் செங்கல் துண்டு மாதிரி கறுப்பாகத் தடியாக இருக்கும். அதற்குத் தானாக ஒன்றும் தெரியாது. மற்ற ரிமோட்டுகளிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டும். அப்துல் ஹை பாயை விரித்து உட்கார்ந்து, டிவியோடு வந்த ரிமோட்டையும் இதையும் தலைக்குத் தலை முட்டுகிற மாதிரி, நடுவில் இரண்டு விரல் இடம் விட்டு வைத்தார். மகள் மெஹருன்னிசா பொன்னேரியில் படித்தவள். இங்கிலீஷ் புத்தகத்தை அவள் எழுத்துக்கூட்டி வாசித்துச் சொல்ல, இவர் புதிதில் ஒரு பொத்தானையும் பழையதில் ஒரு பொத்தானையும் சேர்த்து அழுத்தினார். சிவப்பு விளக்கு மினுங்கி நின்றால் பாடம் ஏறிவிட்டது என்று அர்த்தம். கை கொஞ்சம் அசைந்தால் ஏறாது, மறுபடி முதலிலிருந்து. டிவி முடிந்து டெக், டெக் முடிந்து ஸ்டீரியோ. சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் எல்லாம் முடிந்தது. அவர் சாய்ந்து உட்கார்ந்து ஒரு பொத்தானை அழுத்தினார். டிவி உயிர் பெற்றது. இன்னொன்றை அழுத்தினார். அணைந்தது.

“மந்திரம் மாதிரி இருக்குது வாப்பா” என்றாள் மெஹருன்னிசா.

டிவிக்குச் சொந்தமான ரிமோட்டை அவர் பிளாஸ்டிக் உறையோடு டிவி மேலேயே வைத்தார். ஊருக்குத் தெரிந்த ரிமோட் அதுதான். இன்னொன்று அவருடைய தலையணைப் பக்கம் கிடக்கும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிவியில் படம் போடுவார்கள். அந்தத் தெருவில் வேறு கலர் டிவி கிடையாது. தெருக்காரர்கள் வந்தார்கள், குப்பத்துக்காரர்கள் வந்தார்கள். ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடிக்கிற ஜனமும் வந்தது. அவர்களை அழைத்து வந்தவள் அம்மணி. கைருன் பீவிக்கு வாடிக்கையாக இறாலும் நண்டும் கொண்டுவருபவள். உரக்கப் பேசுவாள், உரக்கச் சிரிப்பாள். ஏரியிலிருந்து கரையேறி நேரே நடந்து வருவார்கள். முழங்கால் வரை சேறு காய்ந்திருக்கும், பிழிந்து கட்டிய சேலை ஈரமாக இருக்கும். கூடத்துக் கதவோரம் நெருக்கி உட்கார்ந்து, படத்தில் வில்லன் வந்தால் மண்ணை வாரித் தூற்றுவது போல் ஏசுவார்கள். அப்துல் ஹைக்கு அது பிடித்துத்தான் இருந்தது. தன் வீட்டில் இவ்வளவு பேர் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்பதில் அவருக்கு ஒரு பெருமை.

மெஹருன்னிசாவுக்குச் சென்னை மண்ணடியிலிருந்து ஒரு இடம் வந்தது. பையனின் அத்தா ரியாசுதீன் தோல் வியாபாரி. நல்ல மனிதர்தான், வாய் ஓயாமல் பேசுவார். அவர் வீடு பார்க்க வந்த நாள் ஞாயிற்றுக்கிழமையாகப் போயிற்று. கூடம் நிறைய ஜனம். அவருக்கு ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். கொஞ்ச நேரம் பார்த்தார், கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். பிறகு குனிந்து, “இன்னா பாய், உங்க வீட்ல எப்பவும் இப்படித்தானா?” என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

அப்துல் ஹைக்குக் காது மடல் சுட்டது. தன் வீட்டு வாடை அதுவரை அவருக்குத் தெரிந்ததே இல்லை. அந்த நிமிஷம் முதல் அது மட்டுமே தெரிந்தது.

அடுத்த ஞாயிறு வருவதற்குள், ‘இனிமேல் வராதீங்க’ என்று சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார். அம்மணி இறால் கூடையோடு வாசலில் நின்று, “இந்த வாரம் இன்னா படம் பாய்?” என்று கேட்டபோது வாய் வரைக்கும் வந்தது. “தெரியலையேம்மா, வந்து பாருங்க” என்றுதான் வெளியே விழுந்தது.

வந்தார்கள். படம் ஓடிக்கொண்டிருந்தது. அப்துல் ஹை சால்வையைப் போர்த்திக்கொண்டு பின்னால் சாய்வு நாற்காலியில் இருந்தார். சால்வைக்குள் அந்தக் கறுப்பு ரிமோட் இருந்தது. கதாநாயகியின் தகப்பன் சாகக் கிடக்கும் நேரம் பார்த்துத் துணியை லேசாக விலக்கி அழுத்தினார். ‘டப்’பென்று டிவி இருண்டது.

“ஐயய்யோ!” என்றது கூடம்.

அவர் எழுந்து போய் டிவியின் தலையைத் தொட்டுப் பார்த்தார். பின்பக்கம் எட்டிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். “சூடாயிட்டிருக்கு போல. நம்ம ஊரு உப்புக் காத்துக்கு ஒத்துக்கல” என்றார். டிவி மேல் அதன் ரிமோட் உறையோடு அப்படியே கிடந்தது. யாரும் எதையும் தொடவில்லையே! யார் சந்தேகப்படுவார்கள்? “பாவம் பாய், ஆசையா வாங்கியாந்தாரு” என்று அவருக்காக வருத்தப்பட்டுக்கொண்டே எழுந்து போனார்கள். ஜனம் கலைந்த பிறகு, “ஆறிடுச்சு போலிருக்கு” என்று வீட்டாருக்கு மட்டும் போட்டுக் காட்டினார்.

கூட்டத்தில் மெஹருன்னிசாவும் இருந்தாள். இரண்டாவது வாரம் சால்வை அசைந்ததை அவள் பார்த்துவிட்டாள். வாப்பாவின் முகத்தை ஒரு தரம் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள். அதைப் பற்றி அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவளுக்காகத்தானே என்று அவர் தமக்குள் சொல்லிக்கொண்டார். அந்தச் சமாதானம் அவருக்கே சரியாகப் பொருந்தவில்லை.

சில வாரம் இப்படியே போனது. அம்மணி யோசிக்க ஆரம்பித்தாள். மற்ற நாளில் தெருக்காரர்கள் மட்டும் இருக்கும்போது டிவி ஓடுகிறதாம். தங்கள் ஜனம் வந்து உட்கார்ந்தால்தான் அணைகிறதாம். அப்படியென்றால்?

ஒரு ஞாயிறு அவர்கள் வேறு மாதிரி வந்தார்கள். எல்லோரும் சோப்புப் போட்டுக் குளித்திருந்தார்கள். தலைக்கு எண்ணெய் வைத்து, கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டியிருந்தார்கள். அம்மணி கூடத்துக்குள் வரவில்லை. கதவுக்கு வெளியே, சாக்கடையோரமாகத் தன் ஆட்களை உட்கார வைத்தாள். அவளுடைய சின்ன மகள் உள்ளே எட்டிப் பார்த்தபோது முதுகில் ஒன்று வைத்தாள். “கிட்டப் போவாதேடி. நம்ம உப்பு ஈரம் பட்டாலே அதுக்கு ஆவல.”

அப்துல் ஹை சால்வைக்குள் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். இன்றைக்கு வேண்டாம் என்று நினைத்தார். ஆனால் மண்ணடியிலிருந்து சம்பந்தி வீட்டுப் பெண்கள் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார்கள். வாசலை அடைத்துக்கொண்டு இத்தனை பேர் இருந்தால்? அவர் அழுத்தினார்.

யாரும் ‘ஐயய்யோ’ என்று சொல்லவில்லை. அம்மணி எழுந்து, பெரிய தப்புச் செய்துவிட்டவள் போலக் கையைப் பிசைந்துகொண்டு, “மன்னிச்சுக்க பாய். இனிமே நாங்க வர்ல” என்றாள். எண்ணெய் வைத்த தலைகள் ஒன்றன் பின் ஒன்றாகத் தெருமுனையில் திரும்பி மறைந்தன.

மறுநாள் சாப்பாட்டில் பெரிய இறால் வறுத்து வைத்திருந்தாள் கைருன் பீவி. “அம்மணி கொண்டாந்தா. காசு குடுத்தா வாங்கவே மாட்டேன்னுட்டா. டிவிய அவங்கதான் கெடுத்துட்டாங்களாம். இன்னா ஜனமோ!” என்றாள். அப்துல் ஹை ஒரு இறாலை வாயில் போட்டார். மென்றார். வயிறு சரியில்லை என்று எழுந்து கை கழுவினார். அன்றைக்காவது அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கல்யாணத் தேதி குறிக்க ரியாசுதீன் மனைவியோடு வந்தார். ஹல்வாவும் டீயும் ஆன பிறகு, மூத்த மகனின் கல்யாண வீடியோ கேசட்டைப் போட்டுப் பார்க்கலாம் என்றார். அப்துல் ஹை தலையணைப் பக்கமிருந்த கறுப்பு ரிமோட்டை எடுத்து, டிவியை எழுப்பி, டெக்கை ஓட்டி, ஸ்டீரியோவில் சத்தத்தை வைத்தார். எல்லாம் ஒரே கையில். ரியாசுதீன் அசந்துபோனார்.

“அட! இதைக் கொண்டாங்க பாய்!” என்று வாங்கிக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் அம்மணி பின்கட்டு வழியாக வந்தாள். விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வைக்கோல் பிரியால் கட்டிய பெரிய கழி நண்டு ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். கூடத்தில் டிவி ஓடும் சத்தம் கேட்டு உள்நிலைப்படியில் நின்றாள். அவள் முகம் மலர்ந்தது.

“டிவி நல்லாயிடுச்சா பாய்! கடவுள் காப்பாத்திச்சு!”

அதே சமயம் ரியாசுதீன் விளையாட்டாக ஒரு பொத்தானை அழுத்தினார். ‘டப்.’ திரை இருண்டது.

அம்மணி நெருப்பைத் தொட்டவள் போல இரண்டடி பின்னால் போனாள். “ஐயோ, நான் வந்திருக்கவே கூடாது. என்னாலதான். நான் போயிடறேன் பாய், நான் போயிட்டா வந்துரும்.”

ரியாசுதீன் வாய்விட்டுச் சிரித்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. “உன்னால இல்லம்மா. இதால! இங்க பாரு” என்று கறுப்பு ரிமோட்டைத் தூக்கிக் காட்டி அழுத்தினார். டிவி வந்தது. அழுத்தினார். போனது. “வந்துச்சா? போச்சா? எங்க உக்காந்தும் அணைக்கலாம். தொடவே வேணாம்.”

அம்மணி அந்தக் கறுப்பு ரிமோட்டைப் பார்த்தாள். டிவி மேல் உறைக்குள் கிடந்த ரிமோட்டைப் பார்த்தாள். சாய்வு நாற்காலியைப் பார்த்தாள், அதன் முதுகில் தொங்கிய சால்வையைப் பார்த்தாள். கடைசியாக அப்துல் ஹையைப் பார்த்தாள்.

“அப்போ அது கெடவே இல்லியா பாய்?”

மெஹருன்னிசா உள்ளறைத் திரைக்குப் பின்னால் விசும்புவது கேட்டது.

அம்மணி குரலை உயர்த்தவில்லை. எப்போதும் உரக்கப் பேசுகிறவள் அன்று தணிந்து பேசினாள். “நான்தான் பாய் எல்லாரையும் குளிச்சுட்டு வாங்கடின்னு சொன்னேன். நம்ம மேல வாடை, அதான்னு நான்தான் சொன்னேன். இப்ப நான் போயி அவங்ககிட்ட இன்னான்னு சொல்லுவேன்?”

நண்டைத் தரையில் வைத்துவிட்டுப் போனாள். விஷயத்தை ஒருவாறு புரிந்துகொண்ட ரியாசுதீன், அப்துல் ஹையின் தொடையில் தட்டி, “நல்ல யோசனை பண்ணீங்க பாய். சண்டையில்லாம சத்தமில்லாம!” என்றார். அந்தப் பாராட்டுதான் அவரை அதிகமாகச் சுட்டது.

விருந்தாளிகள் பஸ் ஏறிய பிறகு கைருன் பீவி அவர் எதிரே வந்து நின்றாள்.

“வராதீங்கன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தா திட்டிட்டுப் போயிருப்பாங்க. நாலு நாள்ல மறந்திருப்பாங்க. அவங்க உடம்பையே அவங்களுக்கு அசிங்கமாக்கிட்டீங்களேங்க. நானும் அந்த இறாலை வறுத்துத் தின்னேனே!”

மறுநாள் காலையில் அப்துல் ஹை சட்டையைப் போட்டுக்கொண்டு ஏரிக்கரைக்கு நடந்தார். அம்மணி கேட்ட கேள்வி காதை விட்டுப் போகவில்லை. அவள் என்ன சொல்வாள்? சொல்ல வேண்டியவள் அவள் இல்லையே.

போனபோது அவர்கள் தண்ணீரில் இருந்தார்கள். இறால் போடும் பறிக்கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்து வரை அமிழ்ந்து அடிச்சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தார்கள். வாயில் கயிறு இருப்பதால் யாராலும் பேச முடியாது. அவர் கரையில் நின்றார். அம்மணி ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள், மறுபடி குனிந்துகொண்டாள். வெயில் ஏறியது. உட்காரலாமா கூடாதா என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. நின்றே இருந்தார். கடைசியில் அவர்கள் கரையேறி, பறியைக் கவிழ்த்து இறாலைக் கொட்டினார்கள்.

“இன்னா பாய், இம்மாந்தூரம்?” என்று கேட்டார் பொன்னுரங்கம். அந்த ஜனத்தில் பெரியவர். அம்மணி இன்னும் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை என்பது அந்தக் கேள்வியிலேயே தெரிந்துவிட்டது.

அப்துல் ஹை தரையைப் பார்த்தபடி சொன்னார். “டிவி கெடல. உங்க மேல எந்தக் குத்தமும் இல்ல, வாடையும் இல்ல. நான்தான் அணைச்சேன். சம்பந்தி வீட்டுக்காரங்க ஒரு மாதிரி பேசினாங்க. உங்களை வராதீங்கன்னு சொல்ல எனக்குத் தைரியம் வரல.”

பெண்கள் சிலர் இறால் பொறுக்குவதை விட்டு நிமிர்ந்தார்கள்.

“நீதான் பின்னால உக்காந்திருந்தியே பாய், எப்படி அணைச்சே?” என்றார் பொன்னுரங்கம். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

அதையும் சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் கறுப்பு ரிமோட்டுக்கு எப்படிக் கற்றுக்கொடுத்தார், இரண்டையும் எப்படி எதிர் எதிரே வைத்தார், சால்வைக்குள் எப்படி ஒளித்தார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். சார்ஜா கடையில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ சாமானை ஓட்டிக் காட்டியவர். இப்படி நாக்குக் குழறி ஒரு நாளும் விளக்கியதில்லை. சொல்லச் சொல்ல, அதற்காகத் தான் எவ்வளவு சாமர்த்தியம் செலவழித்திருக்கிறோம் என்று அவருக்கே தெரிந்தது.

பெண்கள் கேட்க ஆரம்பித்தார்கள்.

“அந்த அப்பன் சாவற படம்?”

“நான்தான்.”

“அண்ணன் தம்பி சேர்ற நேரத்துல போச்சே?”

“நான்தான்.”

“நாங்க குளிச்சுட்டு வந்தோமே, அன்னிக்கு?”

“அன்னிக்கும்தான்” என்றார்.

“மழையில ஒரு நாள் போச்சே?”

“அது நெஜமாவே கரெண்ட் போச்சும்மா.”

யாரோ ஒருத்தி சிரித்தாள். “ஆமா ஆமா, கரெண்ட்டு!” எல்லோரும் சிரித்தார்கள். அதை யாரும் நம்பவில்லை. அல்லாஹ் அறிய அது கரெண்ட்தான். அதைச் சாதிக்க அவருக்கு வாய் எழவில்லை.

“வர்ற ஞாயித்துக்கிழமை எல்லாரும் வாங்க. உள்ள வந்து உக்காருங்க” என்றார்.

அதுவரை இறால் பொறுக்கிக்கொண்டிருந்த அம்மணி தலை நிமிராமல் பதில் சொன்னாள். “வர மாட்டோம் பாய்.”

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள் என்று அவருக்கு இருந்தது. திரும்பி நடந்தார். யாரும் அவரை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மெஹருன்னிசாவின் கல்யாணம் நடந்தது. அழைத்ததற்கு மரியாதையாகப் பொன்னுரங்கமும் சில பேரும் வந்து சாப்பிட்டுப் போனார்கள். அம்மணி வரவில்லை. இறாலும் கொண்டுவரவில்லை. கைருன் பீவியே கூடையை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய் அவளிடம் வாங்கி வருவாள். என்ன பேசினீர்கள் என்று அப்துல் ஹை கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை கூடம் காலியாகக் கிடந்தது. தெருக்காரர்களும் ஏனோ குறைந்துவிட்டார்கள்.

மறு வருஷம் பஞ்சாயத்து ஆபீஸில் ஒரு கறுப்பு வெள்ளை டிவி வைத்தார்கள். ஒரு சாயங்காலம் அப்துல் ஹை அந்த வழியாக வந்தபோது உள்ளே கூச்சலாக இருந்தது. படம் மேலிருந்து கீழே உருண்டுகொண்டே இருந்தது, ஆபீஸ் ஆள் எதையெதையோ திருகிப் பார்த்துத் தோற்றுப்போயிருந்தான்.

“பாய், உனக்குத் தெரியுமே, கொஞ்சம் பாரேன்!” என்று யாரோ கூப்பிட்டார்கள்.

உள்ளே போனார். முன்வரிசையில் அம்மணி உட்கார்ந்திருந்தாள். ஏரியிலிருந்து நேரே வந்திருக்கிறாள், முழங்காலில் சேறு. அவரைக் கண்டதும் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவர் டிவியின் பின்பக்கம் குனிந்து ஒரு திருகை மெல்லத் திருப்பினார். உருண்ட படம் தயங்கி நின்றது. முகம் தெரிந்தது, குரலும் சேர்ந்து வந்தது. கூட்டம் ஆரவாரம் செய்தது.

அவர் அங்கேயே, டிவிக்குப் பக்கத்தில் நின்றார். நன்றாக வந்துவிட்டதா என்று யாராவது கேட்பார்கள், பதில் சொல்லலாம் என்று ஒரு நப்பாசை.

“பாய்” என்றாள் அம்மணி. அந்தக் கூடத்துக்குப் பிறகு, அந்த ஏரிக்கரைக்குப் பிறகு, அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது. அவர் ஆவலாகத் திரும்பினார்.

“கொஞ்சம் தள்ளி நில்லு. மறைக்குது.”

அவர் தள்ளி நின்றார். அப்படியே சுவரோரமாக நகர்ந்து, எல்லோருக்கும் பின்னால் போய், படம் முடியும் வரை நின்றுகொண்டிருந்தார். படம் என்னவென்று அவருக்கு நினைவில்லை. முன்வரிசையில் அம்மணி சிரித்த சத்தம் மட்டும் நினைவிருந்தது.